தேனீக்களுக்கு வைத்த தண்ணீர்

மார்ச் 24, செவ்வாய், இரவு

காலையில் கன்னடக்காரச் சுகாதாரப் பணியாளர் ஒருத்தி வந்தாள். தோட்டத்தில் செம்பருத்திக்கு அடியில் நான் வைத்திருக்கும் மண்சட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"இல்லி நோடி, இங்க பாருங்க மேடம், எல்லாம் கொசுப்புழு. தண்ணி மாத்தி எத்தனை நாளாச்சு?"

இரண்டு நாள் என்றேன். பொய். மூன்று வாரம் இருக்கும். பாசி படிந்த பழைய தண்ணீருக்குத்தான் தேனீக்கள் வருகின்றன என்று நானேதான் மாற்றாமல் விட்டிருந்தேன். வெயில் ஏறியதும் விளிம்பில் பத்துப் பதினைந்து வந்து உட்காரும். அதில் எனக்கு அத்தனை பெருமை. அவள் எல்லாவற்றையும் மண்ணில் கொட்டிவிட்டுப் போனாள்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். டெங்குவா என்று பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் நாளைக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பிள்ளை தினமும் இங்கே வந்துவிடும். காலைச் சொறிந்துகொண்டே என்னோடு நின்று தேனீக்களை எண்ணும்.

சாயந்திரம் ஸ்டெல்லா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க கடிச்சுதோ தெரியலக்கா. நீங்களும் கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கோங்க."

சரி என்றேன். சட்டியைப் பற்றிச் சொல்லவில்லை.

இப்போதுதான் ஜெபித்துவிட்டு வந்தேன். டெங்குவாக இருக்கக் கூடாது ஆண்டவரே என்று கேட்டேன். பிள்ளைக்காகத்தான் கேட்டேனா, என் சட்டிக்காகக் கேட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.