சேவியர் இறங்காமல் திரும்பினான்

என் அன்புக்குரிய சேவியரின் அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் யாருக்கும் குறை இருக்காது. அதனால் நலம் விசாரிக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்காகக் கோயில் மலரில் ஏதாவது எழுதித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டார். உங்களுக்கே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தலவாக்கலை ஊரே படிக்கும். படிக்கட்டும். நம் வீட்டில் ஒளிக்கும்படி எதுவும் இல்லை.

உங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்தாயிற்று. அடித்தவன் சிலுவையின் பின்பக்கத்தை விட்டுவிட்டான். "பின்பக்கத்தை யாரும்மா பாக்கப்போறாங்க?" என்றான். "நான் பார்ப்பேன்" என்றேன். திரும்பி வந்து அடித்துக் கொடுத்தான். நீங்கள் நட்ட ரோஜா இந்த மழையிலும் பூக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் வீம்புக்காரன். ஒன்னப் போல. நாலு பேரு பாக்குற எடத்துல பின்வாங்க மாட்டான். நீ சொன்னா கேப்பான், அந்த ஏரோப்ளேன் வேலைய விடச் சொல்லு." அவன் ஓட்டுவதை ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையசைத்தீர்கள்.

உங்கள் பயம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். டயகமத் தோட்டத்திலிருந்து கிறிஸ்மஸ் பூசைக்குப் போன அந்தக் காலை. பனிமூட்டத்தில் காரின் மூக்கே தெரியவில்லை. நிறுத்து, வீட்டுக்குத் திரும்புவோம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, "பாதி வழி வந்தாச்சுப்பா, இப்பத் திரும்பினா ஊரே சிரிக்கும்" என்று நம் மகன் ஓட்டினான். அடுத்த முடக்கு வளைவில் முன்சக்கரம் இரண்டும் தேயிலைக்குள் தொங்கின. லயத்து வரிசை வீடுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். "என்னங்க பெரிய கிளாக்கரய்யா, கொழுந்து எடுக்கக் காருலயா வந்தீங்க?" என்று ஒருத்தி உங்களைக் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

போன மாதம் வேளாங்கண்ணிக்குப் போனேன். போகும்போது கப்பல். திரும்பும்போது மெட்ராசிலிருந்து அவன் ஓட்டும் ஜெட் விமானத்தில் வந்தேன். இப்போது அவன் கேப்டன். சட்டையின் மடிப்பு நேராக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

நடுவானில் என்னை முன்னால் அழைத்துப் போய்த் தன் இடத்தைக் காட்டினான். எத்தனை முள், எத்தனை வட்டம்! அதில் ஒன்றைத் தொட்டு, "இதுல ரெண்டு கோடு இருக்கும்மா. ஒண்ணு ஓடுபாதைக்கு நேரா வர்றோமான்னு சொல்லும். மத்தது சரியான சரிவுல எறங்குறோமான்னு சொல்லும். ரெண்டும் நடுவுல வெட்டிக்கிட்டா வழி சரி. மேகத்துக்குள்ள கண்ண நம்ப முடியாது, இத நம்பித்தான் எறங்கணும்" என்றான்.

"கடைசி வரைக்குமா?"

"இல்லம்மா. ஒரு உயரம் குறிச்சிருக்கு. அங்க வரும்போது வெளக்கு கண்ணுக்குத் தெரியணும். தெரியாட்டி மேல போயிடணும்."

கொழும்பில் மழை என்று செய்தி வந்ததும் என்னை இருக்கைக்கு அனுப்பிவிட்டான். என் பக்கத்தில் உடப்புசல்லாவையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர். விமானம் ஓட்டுவது என் மகன் என்று அவருக்கு அதற்குள் மூன்று தடவை சொல்லியிருந்தேன். யாராக இருந்தாலும் சொல்லத்தானே செய்வார்கள்?

கட்டுநாயக்கா விமான நிலையத்தை நெருங்கினோம். ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை, டயகமப் பனியேதான். சக்கரங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. இன்னும் இறங்கினோம். எதுவும் தெரியவில்லை. ஜெபமாலை என் கையில் இருந்தது, ஆனால் எந்த மணியில் நின்றேன் என்று இன்றுவரை தெரியாது. உங்களைத்தான் நினைத்தேன். பாதி வழி அல்ல, வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். அம்மா பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது எப்படித் திரும்புவான்?

என்ஜின்கள் உறுமின. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. சக்கரங்கள் மறுபடி உள்ளே போகும் சத்தம் கேட்டது. விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, மகனுக்குக் கொழும்பு புடிக்கலையா?" என்றார் நானா. குரல்தான் வேடிக்கையாக இருந்தது, முகம் வெளுத்திருந்தது.

"விளக்குத் தெரியவில்லை. அதனால் திரும்புகிறான்" என்றேன். சொல்லி முடிக்கும்போதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. திரும்புகிறான். உங்கள் மகன் திரும்புகிறான்.

பிறகு ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது. வீட்டில் சாப்பாடு போதும் என்று சொல்லும் அதே குரல். ஓடுபாதை தெரியாததால் மேலே வந்துவிட்டோம், சுற்றி வந்து மறுபடி முயல்வோம், அப்போதும் முடியாவிட்டால் மெட்ராசுக்கே போய்விடுவோம், அதற்கு எண்ணெய் இருக்கிறது என்றான். மெட்ராசுக்கே! அத்தனை பேர் காதிலும் விழும்படி, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான்.

இரண்டாவது தடவை மேகத்தின் அடியில் விளக்கு வரிசை தெரிந்தது. இறங்கினோம். நானா என் கைப்பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

எல்லாரும் இறங்கும்வரை காத்திருந்து அவனிடம் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்தா வெளக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கலாம்மா."

"பிறகு ஏன் மேல போனே?"

"வெளக்குத் தெரியலையே. தெரிஞ்சிருக்கலாம்னு நெனச்சு எறங்கக் கூடாது."

"நான் இருக்கேன், ஊர்க்காரங்க இருக்காங்க, வெக்கமா இல்லையா?"

சிரித்தான். "மொத மொத திரும்பினப்ப இருந்துச்சு. அன்னிக்கு அப்பா பேச்சக் கேட்டுக் கார நிறுத்தியிருக்கலாம்னு அப்பத்தான் நெனச்சேன்." கொஞ்ச நேரம் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அப்பா ஒங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனாருன்னு தெரியும்மா. விட்டுடுன்னு சொல்லுங்க, விட்டுடுறேன்."

அவன் உண்மையாகவே விட்டிருப்பான். ஒரு சொல் போதும். நான், பசிக்கிறது, வீட்டுக்குப் போவோம் என்றேன்.

ஆகவே உங்களுக்கு என் பதில் இது: சொல்லமாட்டேன். உங்கள் பேச்சைத் தட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் பயந்தது விமானத்துக்கு அல்லவே? திரும்பத் தெரியாத பிள்ளைக்குத்தானே? அந்தப் பிள்ளைக்கு இப்போது திரும்பத் தெரிகிறது. அதை நீங்களும் பார்த்திருந்தால், அந்த லயத்துப் பெண் கேட்டதற்கு இப்போதாவது சிரித்திருப்பீர்கள், இல்லையா?

என்னால் முடிந்த வாக்கு ஒன்று தருகிறேன். சொன்ன நேரத்துக்கு வராதவர்களை நான் எப்படி நிற்க வைத்துக் கேட்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இனி சேவியர் எவ்வளவு பிந்தி வந்தாலும் சோற்றைச் சூடாக்கிப் போடுவேன். ஏன் பிந்தினாய் என்று ஒருநாளும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
திரும்பத் தெரிந்த மகனின் அம்மா,
உங்கள் வீம்புக்கார மனைவி