உபவாசம் என்றான், நம்பினோம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது,

இங்கே அம்மாவும் அக்காவும் நானும் உடம்பளவில் சுகம். நீயும் சுகம் என்று போன வாரம் வீடியோ போனில் சொன்னாய், நான் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே பேசினாய், நடுநடுவே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினாய், முகத்தை மறைத்தால் சத்தமும் மறைந்துவிடும் என்று நினைப்பாக்கும். சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் விடலாம் போல இளைத்தும் போயிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், ஆனால் முதலில் ஒரு துக்கச் செய்தி சொல்ல வேண்டும். நான் எழுதிக் கொடுப்பதை அக்கா போனில் அடித்து அனுப்புவாள். துணி துவைக்கிற நாளில்தான் ஊழியத்தில் இருக்கிற உங்களுக்கு வீட்டுச் சேதி படிக்க நேரம் என்று தெரியும், வாளியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

நம் ஊருக்கு ஊழியத்துக்கு வந்திருந்த இரண்டு பையன்களைப் பற்றி அம்மா சொல்லியிருப்பாள், வாசலில் தலையை இடித்துக்கொள்கிற நெட்டையன் ஒருவன், அவனுடைய ஜோடி கண்ணாடிக்காரன். உன்னைப் போலவே வெள்ளைச் சட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, மீசை சரியாக முளைக்காத முகத்துக்கு எல்டர் என்று மூப்பர் பட்டம். நெட்டையன் இறந்துவிட்டான் தம்பி. குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவிவிட்டது. நாள்கணக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டே வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் மிஷன் தலைவருக்குத் தெரியும், தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பாதியில் திரும்பி வந்தவன் என்று சபையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று பயம். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கண்ணாடிக்காரனிடம் சத்தியம் வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் தட்டைத் தொடவே இல்லை. ஒருத்தருக்காக உபவாசம் இருக்கேன் அம்மா என்றான். நம் ஆட்களிடம் உபவாசம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு ஏது. இந்த வயசில் என்ன பக்தி என்று அம்மா மெச்சிக்கொண்டாள், நானும் தலையாட்டினேன். மறுநாள்தான் நீ போனில் பேசியது. அதற்கு அடுத்த நாள் யாரோ ஒருவர் வீட்டுப் படியில் விழுந்தான், ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டார்கள். அம்மா இப்போது அடுப்படிக்குப் போனாலே அழுகிறாள், அக்காதான் சமையல்.

அவனுடைய அம்மாவால் வந்து சேர முடியவில்லை. உடலை அனுப்புவதற்கு முன்னால் ஆலயச் சடங்குக்கு உடுத்துகிற வெள்ளை உடையை யாராவது உடுத்திவிடுங்கள் என்று போனில் கேட்டாள். நானும் சபைத் தலைவரும் போனோம். எத்தனையோ துருப்பிடித்த குழாய்த் திருகைக் கழற்றிய கை, அவன் சட்டைக்குப் பொத்தான் போட வரவில்லை. உன் அளவு சட்டை. முடித்துவிட்டு அவளிடம் சொன்னேன், அவள் அழவில்லை, உங்க வீட்டுக்கு வந்தப்ப நல்லாத்தானே இருந்தான், எங்கிட்ட அப்படிச் சிரிச்சுப் பேசினானே என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஊழியக்காரன் தனியாக இருக்கக்கூடாது என்பது உங்கள் சட்டம். வேறு ஜோடி வரும்வரை கண்ணாடிக்காரன் நம் வீட்டில் இருக்கிறான், அவனோடு வெளியே போவதற்கு ஆண் துணை வேண்டும் என்று நான் குழாய் முடுக்குகிற ரிஞ்சைக் கீழே போட்டுவிட்டுக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டேன். வீட்டிலேயே இருப்பா என்றால் கேட்கவில்லை, நடந்தால்தான் மூச்சு வருகிறது என்கிறான். குழாய் ஒழுகினால் எப்போ வருவீங்க எப்போ வருவீங்க என்று உயிரை எடுக்கிற அதே வீடுகள், இந்த நீல அட்டை வேதப் புத்தகத்தோடு போனால் படார் என்று சாத்துகிறார்கள். ஒரு டீச்சர் மட்டும் நல்ல வேளை வந்தீங்க என்று நேரே குளியலறைக்குக் கூட்டிப்போனார், கடைசியில் வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம், கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீ தினமும் இப்படித்தான் திரிகிறாய் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. வாராவாரம் எல்லாம் நல்லா போகுதுப்பா என்று நீ சொன்னதையெல்லாம் நினைத்துக்கொண்டே படியேறினேன். நேற்று ஒரு மாடிப்படியில் கண்ணாடிக்காரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் காட்டிக் கொடுத்திருந்தா ஜென்மத்துக்கும் என்கூடப் பேசியிருக்க மாட்டான் அங்கிள், ஆனா இருந்திருப்பான் என்றான். அவனைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

கடவுள்மேல் கோபமா என்றால் தெரியவில்லை, முழங்கால் படியிடுகிறேன், வார்த்தை வருவதில்லை. வலியை மறைப்பதுதான் விசுவாசம் என்று உங்களுக்கு எவன் சொல்லிக் கொடுத்தான் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

நேற்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உன் மிஷன் தலைவருக்குப் போன் செய்து உன் இருமலைச் சொல்லிவிட்டேன். மார்பைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், எடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டேன், டாக்டர் சொல்வதைப் பொறுத்தது என்றார். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு என்று நீ குதிப்பாய், குதி. அனுப்பினால் வந்து சேர். சபையில் எவனாவது வாயைத் திறந்தால் அவன் வீட்டில் வெள்ளமே வந்தாலும் நான் எட்டிப் பார்க்க மாட்டேன்.

அம்மா உனக்காக ஜெபம் செய்கிறாள், அக்கா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். டாக்டர் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல், கொடுக்கிற மாத்திரையை முழுக்கச் சாப்பிடு. ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும், அத்தனை வருஷமும் நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன்னைக் காட்டிக்கொடுத்த
அப்பா