அம்மாவின் பூச்சும் என் கட்டுரையும்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

நான் நலம், இது டாக்டர் சொன்னது. அம்மாவும் நலம், இது அவள் உன் சித்தியிடம் போனில் சொன்னதைப் பக்கத்து அறையிலிருந்து நான் கேட்டது. என்னிடம் அவள் நேராகப் பேசி ஆறு நாள் ஆகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்று காலை உறுதியான செய்தி, அம்மாவின் கம்பெனியில் முதலீடு செய்ய இருந்தவர்கள் கையெழுத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆதாரம், அவர்களுடைய மின்னஞ்சல். அம்மா அதை அச்செடுத்து என் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். காரணம் நான்.

வரிசையாகச் சொல்கிறேன். நோயாளிகளுக்குச் சிறுநீர் வெளியேறச் செருகும் குழாயில் கிருமி ஒட்டாமலிருக்க அம்மா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் பாடுபட்டு உருவாக்கிய பூச்சை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோகத்தான் இந்தக் கம்பெனி. அதற்காக இரண்டு வருடம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். மாணவிகள் இரண்டு பேர் கிடைத்த வேலையை உதறிவிட்டு அவளோடு வந்திருக்கிறார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பம் போடும்வரை செய்முறை வெளியே போகக்கூடாது, போனால் அது ஊர்ச்சொத்து, யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். இது எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருடம் நிருபர்; அம்மாவிடம் எல்லாக் கேள்வியும் கேட்டேன், இதை எழுதலாமா என்பதைத் தவிர.

ஓய்வுபெற்ற கை சும்மா இருக்குமா, நம் குடியிருப்போர் சங்க இதழுக்கு 'எங்கள் மூன்றாம் மாடி விஞ்ஞானி' என்று ஒரு கட்டுரை எழுதினேன். அம்மா அச்சில் பார்த்துப் பூரிக்கட்டும் என்று மூச்சு விடவில்லை. சாப்பிடும்போது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு, குளியலறைக்குப் போய்க் குறித்துக்கொண்டேன். எவ்வளவு தூள், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், ஒன்று விடவில்லை. இதழ் வீடுகளுக்கு வந்து, சங்கத்தின் இணையப் பக்கத்திலும் கட்டுரை ஏறியது மூன்றாம் தேதி. விண்ணப்பம் போனது பன்னிரண்டாம் தேதி. துருவிப் பார்ப்பதற்கென்றே முதலீட்டுக்காரர்கள் வைத்திருக்கும் ஒரு பெண் அதைக் கண்டுபிடித்தாள். நல்ல நிருபராக வந்திருப்பாள்.

வக்கீலிடம் போனோம். "முப்பது வருஷத்துல முதல் தடவையா என் வேலையப் பத்திக் கேக்கறாரேன்னு சந்தோஷத்துல சொல்லிட்டேன் சார்" என்று அம்மா அவரிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்த நாற்காலி எனக்குச் சரிப்படவில்லை. வக்கீல் கட்டுரையைப் படித்துவிட்டு, "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க, நானே செஞ்சிடலாம் போல இருக்கு" என்றார். என் எழுத்தை இவ்வளவு மனதாரப் புகழ்ந்தவர் வேறு யாரும் இல்லை. முப்பத்தாறு வீட்டிலும் விசாரித்தேன், ஒருவரும் படிக்கவில்லை என்று சாட்சி சொன்னேன். பொய்யில்லை, கீழ்வீட்டுப் பல் டாக்டர், "அண்ணே, வந்த அன்னிக்கே அத வச்சு ஜன்னல் தொடச்சிட்டோம்" என்று சொல்லியிருந்தார். வக்கீல் அசையவில்லை. "படிச்சாங்களாங்கறது இல்ல சார், படிக்கக் கெடச்சுதாங்கறதுதான் கேள்வி" என்றார். பட்ட அவமானமும் வீண்.

அன்று வீட்டுக்கு வந்துதான் அம்மா கட்டுரையை முழுதாகப் படித்தாள். குழாயைப் பூச்சில் தோய்த்த பிறகு சூடாக்க வேண்டும். நான் சூடாக்கிய பிறகு தோய்க்கச் சொல்லியிருக்கிறேன். குறிப்பேட்டில் சரி, அச்சில் தப்பு. இதே தப்புக்காக ஆபீசில் எத்தனை இளம் நிருபர்களைத் திட்டியிருக்கிறேன். நான் எழுதியபடி செய்தால் பூச்சு பிடிக்காது என்று நிரூபித்துவிட்டால், வெளியானது செய்முறையே அல்ல என்று வாதாடலாமாம். பிடிக்குமா என்பது அம்மாவுக்கே தெரியாது, அப்படி முட்டாள்தனமாக யாரும் செய்து பார்த்ததில்லை. ஆகவே மாணவி ஒருத்தி என் கட்டுரையைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, வரிக்கு வரி அதன்படியே முப்பது குழாய்களைச் செய்து கிருமியில் போட்டிருக்கிறாள். முடிவைப் பார்க்க நான் வரலாம், வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மா அவள் மூலம் சொல்லியனுப்பினாள். ஆறு நாளில் இதுதான் நல்ல செய்தி.

மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி அவ்வப்போது கேள், எழுதி மட்டும் வைக்காதே. இருவரும் நோய்நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் முகம் கோணாமல் இருங்கள். ஒரு முக்கியமான விஷயம், அந்தக் கட்டுரையை உனக்கும் அனுப்பியிருந்தேன். யாருக்காவது அனுப்பினாயா, எந்தத் தேதியில் என்று வக்கீலுக்குத் தெரிய வேண்டும். திறந்தே பார்க்கவில்லை என்றால் அதையும் சொல், வருத்தப்பட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு முடிவு தெரியும். குழாயில் கிருமி ஒட்டி, நான் எழுதியது தப்பு என்றால் அப்போதே உனக்குப் போன் செய்கிறேன். சரி என்றால், அம்மா செய்வாள்.

அன்புடன்,
அப்பா