உமியை வைத்துப் பனியைச் சோதித்தவளுக்கு

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஐந்தே சொற்கள். "அந்தத் தப்பு நான் பண்ணினது சார்." எழுந்து நிற்கக்கூட வேண்டாம், உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். மேனேஜர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நீ என் பக்கம் திரும்பாமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ ஒரு தடவை திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதுவும் உன்மேல் பழி போடுகிற யோசனைதான் என்று இப்போது புரிகிறது.

இதை எழுத உட்காரவைத்தது ஒரு வீடியோ. போன பங்குனியில் ஒரு மத்தியானம் ஆபீசில் எல்லோரையும் பெரிய திரைக்கு முன்னால் கூப்பிட்டார்கள். நீயும் நானும் எண்களாக மட்டுமே பார்த்துவந்த அந்த ஸ்னோமொபைலின் புதிய மாடல் வெளிவந்திருந்தது. இடுப்பளவுப் பனியைக் கிழித்துக்கொண்டு மலைச்சரிவில் ஏறுகிறது. முன்னால் இரண்டு சறுக்குப் பட்டை, பின்னால் நீளமான ரப்பர் பெல்ட், தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தி வரும் இன்ஜின். பிறகு கம்பளித் தொப்பி போட்ட கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, இன்ஜினுக்குக் காற்று போகும் வலையைத் தட்டிக் காட்டினார். முன்பு மேல்பக்கம் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்த வலை, இப்போது பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கிறது. பனியிலேயே பிறந்து பனியிலேயே வாழ்கிற எங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது இது என்றார்.

ஆபீசே கைதட்டியது. முதலில் தட்டியவர் மேனேஜர்.

நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பனியிலேயே பிறந்தவர்களாம். நீ பிறந்தது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரை ஓரத்து வீட்டில். உன் அம்மா கருக்கரிவாளோடு அறுப்புக்குப் போன அதே வயல்களில், பின்னால் உன் அப்பா அறுவடை மிஷின் ஓட்டினார். அங்கிருந்து தினமும் காலை ரயிலில் தஞ்சாவூர் வந்து, மெடிக்கல் காலேஜ் ரோட்டில் அந்த இரண்டாம் மாடி ஏறி, நீ பார்த்த வேலை இது.

நம் வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். எங்கோ ஒரு பனிமலையில் யாரோ வண்டி ஓட்டுவார். வண்டிக்குள் இருக்கும் சென்சார்கள் சூடு, அழுத்தம், வேகம் எல்லாவற்றையும் பதிவு செய்யும். அந்தப் பதிவுகள் ராத்திரியோடு ராத்திரியாக நமக்கு வந்துவிடும். காலையில் நாம் அவற்றைப் படித்து, எங்கே கோளாறு என்று மேனேஜருக்குக் குறிப்பு எழுத வேண்டும். பதிவுகளைப் படிக்கும் சாஃப்ட்வேருக்கு நம் ஆபீஸ் வாங்கியிருந்தது ஒரே ஒரு லைசென்ஸ், அதுவும் உன் பெயரில். நீ சாப்பிடப் போனால் நான் உட்காருவேன். யார் எழுதினாலும் குறிப்பின் கீழே உன் பெயர்தான் விழும். அது நமக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

என் தப்பு அப்படித்தான் உன் பெயரில் போய் உட்கார்ந்தது. ஒரு வாரப் பதிவுகளில் இன்ஜின் சூடு எல்லையைத் தாண்டியிருந்தது. பனிமலையில் இன்ஜின் இவ்வளவு சூடாக வழியில்லை, சென்சார் பழுது என்று எழுதி, அந்த வாரத்தையே தள்ளிவிட்டேன். சுற்றிலும் குளிர் இருக்கும்போது எப்படிச் சூடாகும் என்பதற்கு மேல் என் மண்டைக்கு எதுவும் எட்டவில்லை. நீதான் கண்டுபிடித்தாய். பெல்ட் வாரியடிக்கும் தூள்பனி, வண்டியின் அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்மேல் விழுந்தால்தான் இன்ஜின் ஆறும். இறுகிப்போன பனிப்பாதையில் தூள் பறக்காது, அதனால் சூடாகிவிடும்.

"ஏன்டி, பக்கத்துல குளம் இருந்தா போதுமா? தண்ணிய மொண்டு ஊத்துனாத்தானே அடுப்பு அணையும்?" என்று கேட்டாய். நான் முழித்தேன். "இவ்வளவு புக்கு படிக்கிற, ஒரு அடுப்ப அணைக்கத் தெரியலையே" என்று சிரித்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து ஒரு வாரத்தையும் மறுபடி படித்துச் சரிசெய்தாய். ஆனால் பழைய குறிப்பு அப்படியே இருந்தது. அதை அழிக்க அந்த சாஃப்ட்வேர் விடாது.

அடுத்து வந்தது தை மாதம். அங்கே ஆழமான பனி விழும் நேரம், இங்கே சம்பா அறுவடை. புதுத் தூள்பனியில் ஓடிய வண்டிகளின் பதிவில் ஒரே கதை திரும்பத் திரும்ப வந்தது. டர்போவுக்கு முன்னால் காற்றின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். டர்போ அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுற்றும். கடைசியில் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வலுவைக் குறைத்துக்கொள்ளும். ஆளரவமற்ற சரிவில், கழுத்தளவுப் பனியில், வண்டி அப்படியே புதைந்து நிற்கும். மேனேஜர் இதையும் சென்சார் கோளாறு என்றார்.

நீ அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாய். "சென்சார் பொய் சொல்லலடி. இதுக்கு மூச்சு முட்டுது. எங்கப்பா மிஷின்ல வைக்கோல் தூசி அடைச்சா இப்படித்தான் இழுத்துக்கிட்டு நிக்கும்."

சேற்றில் புதையாமல் ஓடுகிற பெல்ட் வண்டி உன் அப்பாவின் மிஷின். சிறு வயதில் அதன்மேல் ஏறி ரேடியேட்டர் வலையை விளக்குமாற்றால் தட்டிவிடுவது உன் வேலையாம். அந்த வாரமே கீழவாசல் கடைத்தெருவில், பனிவண்டியின் காற்று வலைக்கு இருக்கும் அதே கண் அளவுள்ள கம்பி வலை வாங்கினாய். ஒரு தகரப் பெட்டியில் மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று பொருத்தினாய். உள்ளே காற்றை இழுக்க ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேன். அரிசி மில்லிலிருந்து ஒரு சாக்கு உமியும் கொஞ்சம் தவிடும். உன் அப்பா முறத்தால் உமியைத் தூற்ற, நீ பெட்டியை உலுக்க, நான் செல்போனில் வீடியோ எடுத்தேன். மேல்வலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெத்தை மாதிரி மூடிக்கொண்டது. பக்கத்து வலையில் ஒட்டிய உமி, பெட்டி குலுங்கக் குலுங்கத் தானாகக் கொட்டிவிட்டது. உனக்குத் தலையெல்லாம் உமி. "எடுத்துட்டியா? எடுத்துட்டியா?" என்று குதித்தாய்.

குளிர்காலச் சோதனைக்கு நம் ஆபீசிலிருந்து ஒருவரை அந்த மலைக்கு அனுப்பச் சொல்லி, வண்டி செய்யும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்த நேரம் அது. நீ பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாய். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் உன் அம்மா, "பனிமலைக்குப் போவுது சார் புள்ள, வண்டிக்கு வைத்தியம் பாக்க" என்று சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த வீடியோவோடும், வலையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நீ வரைந்த படத்தோடும்தான் மீட்டிங்குக்குப் போனோம். மேனேஜர் பாதியிலேயே நிறுத்தினார்.

"உமிய வச்சுப் பனிய டெஸ்ட் பண்றீங்களா? நல்லா இருக்கே. அடுத்து என்ன, கோலமாவா?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அடைக்கிற விதம் ஒண்ணுதான் சார். மேல பாத்த வலை எதுவா இருந்தாலும் அடைக்கும்" என்றாய்.

"நீங்க பனியைப் பாத்திருக்கீங்களாம்மா? ஊட்டிக்காவது போயிருக்கீங்களா?"

"நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

"மணாலி போயிருக்கேன்."

நீ மேசைக்கடியில் என் காலை மிதித்தாய். வாடகைக் கோட்டு போட்டுப் போட்டோ எடுத்தவர் என்று நீ வெளியில் போய்ச் சொல்லத் தயாராகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவர் லேப்டாப்பைத் திருப்பி நம் பக்கம் வைத்தார். அதில் என் குறிப்பு. கீழே உன் பெயர்.

"பனியில இன்ஜின் சூடாகாதுன்னு எழுதினவங்கதானே நீங்க? இதை எழுதின ஆளை நம்பி நான் ஃபாரினுக்கு அனுப்பணுமா?"

அந்த இடத்தில்தான் நான் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று பயந்தேன். நீயே சொல்லிவிடுவாய் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தேன். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் ரயில் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாய். "நீ சொல்லுவேன்னு நெனச்சேன்." அவ்வளவுதான். ஏறிவிட்டாய். மறுநாள் எனக்கும் சேர்த்து எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தாய். பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை.

சோதனைக்கு மேனேஜரே போனார். சிவப்புக் கோட்டில் வண்டிமேல் உட்கார்ந்த போட்டோவோடு திரும்பி வந்தார். "நேர்ல பாத்தப்பதான் எனக்கே ஸ்ட்ரைக் ஆச்சு" என்று அவர் காட்டிய படம், நீ பென்சிலால் வரைந்த படம். வலையின் சாய்வுகூட மாறவில்லை. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று அறிவித்தார். நீ நோட்டை மூடிவிட்டு, "பரவால்ல, எவனும் பனியில மாட்டிக்க மாட்டான்ல" என்றாய். எனக்கு அன்று அது பெருந்தன்மை என்று தோன்றியது. இப்போது அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. உனக்கு அந்தப் பெருந்தன்மையைத் தவிர வேறு எதையும் நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.

யோசித்துப் பார். நம் வயலில் ஓடும் மிஷினை எங்கோ வரைந்தவர்கள் நம் சேற்றில் கால் வைத்தார்களா என்று யாராவது கேட்டதுண்டா? அவர்களுக்குக் கணக்கு தெரிந்தால் போதும். உனக்கு மட்டும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும், பனியும் பார்த்திருக்க வேண்டும். பார்க்க அனுப்பவும் மாட்டார்கள்.

ஐப்பசியில் காய்ச்சல் என்று லீவு போட்டாய். ஒன்பதாம் நாள் உன் அம்மா போன் செய்தார்கள்.

உன் வீட்டு வாசலில் மழைக்காகத் தார்ப்பாய் கட்டியிருந்தது. உன் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "ஏம்மா, அன்னைக்கு மொறம் புடிச்சேனே, அது என்ன வண்டி? பனிவண்டிப்பான்னு சொல்லும். முழுசா நான் கேட்டுக்கல."

சொன்னேன். உங்கள் வண்டி சேற்றில் போவது மாதிரி அது பனியில் போகும் என்றேன்.

"அதுக்கு டர்போ எதுக்கு?"

"மேல போகப் போகக் காத்து மெலிசாயிடும்பா. டர்போ காத்தை அழுத்தி ஊட்டும்."

"சரி. அப்ப வலைய ஏன் மேல பாத்து வச்சான்? அடைச்சுக்கும்னு தெரியாது? எவன் அவன்?"

அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு மெக்கானிக்கின் எரிச்சல் வந்தது. அன்று முறத்தோடு நின்றதிலேயே அவருக்கு அது புரிந்திருந்தது.

"இப்ப மாத்திட்டாங்கப்பா."

"எம்பொண்ணு சொல்லித்தான் மாத்துனாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்ல?"

மேனேஜர் நாலடி தள்ளி ரோஜா மாலையோடு நின்றுகொண்டிருந்தார். "தெரியும்பா" என்றேன்.

முதல் தடவை வாயை மூடிக்கொண்டேன், இரண்டாம் தடவை வாயைத் திறந்து பொய் சொன்னேன். எது பெரிய தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் என்னோடுதான் இருக்கின்றன. அதன் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு குறிப்பின் கீழும் என் பெயரை நானே தட்டச்சு செய்தேன்.

அந்த வீடியோவைப் பார்த்த அன்று குழாயை மூடிவிட்டு வந்து, வெளிநாட்டுக் கம்பெனியின் தலைமை இன்ஜினியருக்கு நேராக மெயில் எழுதினேன். இன்ஜின் சூட்டைப் பற்றிய தவறான குறிப்பு என்னுடையது. வலையின் குறையைக் கண்டதும் தீர்வை வரைந்ததும் நீ. உன் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு எழுதினேன். நீ வரைந்த படத்தையும் உமி வீடியோவையும், இரண்டும் தேதியோடு, இணைத்தேன். நீ இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை. இரக்கப்பட்டு உன் பெயரைப் போட்டதாக இருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. இப்படி ஒருவர் எங்கள் ஆபீசில் இருப்பதே அவருக்குத் தெரியாதாம். உமி வீடியோவைத் தன் ஆட்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாராம். அறிக்கையில் கண்டறிந்தவர் என்ற இடத்தில் உன் பெயரைச் சேர்த்து, அந்தப் பக்கத்தையும் அனுப்பியிருந்தார். ஏப்ரல் கடைசி வரை உயரத்தில் பனி இருக்கும், இந்த முறை சோதனைக்கு உன்னை அனுப்ப முடியுமா என்று கடைசியில் கேட்டிருந்தார்.

நீ ஐப்பசியில் இறந்துவிட்டாய் என்று பதில் எழுதினேன். அந்தப் பக்கத்தை அச்சடித்து உன் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அன்று சொன்னது பொய், இன்றுதான் அது உண்மை என்றும் சொன்னேன். அடுத்த வாரம் ஆபீசில் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்து, தண்ணீர் பம்புகளின் உதிரிபாகப் பட்டியல் போடும் வேலைக்கு மாற்றினார்கள். ஏப்ரல் சோதனைக்கு மேனேஜர் போய்வந்தார்.