புளியறைக்குப் போன கிறிஸ்துமஸ்

தென்காசி,
டிசம்பர் 26.

அன்பு மகள் ஜெனோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் உட்கார்ந்து இதைப் பிரித்துப் படிக்கிறாயோ தெரியாது, எங்கே இருந்தாலும் உனக்கும் உன்னோடு வேலை பார்க்கிற நர்ஸ் பிள்ளைகளுக்கும் ஒரு கீறல்கூடப் படக்கூடாது என்று காலையிலும் சாயங்காலமும் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். இனிமேல் போன் பேச விடமாட்டார்கள், ராணுவத் தபாலில் கடிதம் மட்டும் வரும் என்று கடைசியாகச் சொன்னாய் அல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் இவ்வளவு பெரிய தாளில் எழுதியதே இல்லை. கை வலித்தால் நடுவில் எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வருவேன், எழுத்து கோணலாக மாறியிருந்தால் அதுதான் காரணம், அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

இங்கே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். லீவு கிடைத்துவிட்டது, பண்டிகைக்கு முந்தின நாள் பொதிகை ரயிலில் வந்து இறங்கிவிடுவேன் என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நம் பேக்கரியில் கேக்குக்கு ஊறப்போட்ட முந்திரி, திராட்சையில் உனக்கென்று தனியாக ஒரு பாத்திரம் எடுத்து வைத்து யாரையும் தொடவிடவில்லை. அப்போதுதான் ஒருநாள் சாயங்காலம் டிவியில் போர் அறிவித்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்குப் போர் என்பது டிவியில் வருகிற சங்கதிதானே, எல்லை எங்கேயோ கிடக்கிறது, நாம் எங்கேயோ கிடக்கிறோம். கடைக்கு வந்தவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிற மாதிரி நின்று பார்த்தார்கள். அப்பா மட்டும் உள்ளே போய் மாவு பிசைகிற மிஷினை நிறுத்தினார். லீவு ரத்து, எங்களை முன்னால் போகச் சொல்லிவிட்டார்கள் என்று உன் போன் வந்ததும் கடை ஷட்டரையும் இழுத்து மூடிவிட்டார். 'ஏட்டி ரூபி, இந்த வருஷம் நம்ம வீட்டுல கேக்கும் கெடையாது, கிறிஸ்துமஸும் கெடையாது. பிள்ள அங்கன குண்டுக்கு நடுவுல நிக்கா, நாம இங்கன புதுத்துணி உடுத்திக்கிட்டு நிக்கவா?' என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. சோறு வைத்தால் அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். பிரஷர் மாத்திரையை நான்தான் கையில் வைத்துத் தண்ணீரோடு நிற்க வேண்டும். அவர் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கும் தெரியவில்லை. முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு வறுத்து வைத்த பயற்றை டப்பாவில் போட்டு மூடி அலமாரி மேலே தூக்கி வைத்துவிட்டேன்.

சபையிலும் இதே பேச்சுதான். சிலர் வீடு வீடாகப் பாடப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் வேண்டாம் என்றார்கள், சிலர் பிள்ளைகள் ஏங்கிப்போகும் என்றார்கள். நம் குருவானவர், 'பண்டிகைய நிறுத்த வேண்டாம், சத்தத்த மட்டும் கொறச்சிக்கிடுவோம்' என்று சொல்லி வெடிக்கும் மேளத்துக்கும் தடை போட்டுவிட்டார். அப்படியும் யாரோ ஒரு பயல் தெருமுனையில் வெடி போட்டுவிட்டான், நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். குற்றாலத்தில் இந்த வருஷம் தண்ணீர் அமோகமாக விழுகிறது. ஐயப்ப சாமிமார் கூட்டமும் போர் என்று குறையவில்லை, மாலை போட்டவர்கள் எப்படிப் போகாமல் இருப்பார்கள். அருவிக்கரை டீக்கடைக்காரர்கள் எல்லாம் பன் எங்கே, ரஸ்க் எங்கே என்று போன்மேல் போன். அப்பா ஒன்றையும் எடுக்கவில்லை. கல்லாவில் இருக்கிற உமாராணி தினமும் காலையில் வந்து மூடின ஷட்டரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் எட்டி, 'அக்கா, அண்ணாச்சி சாப்பிட்டாவளா?' என்று கேட்டுவிட்டுப் போவாள். நீ அங்கே நல்லபடியாக இருக்க, இவரை நான் இங்கே பறிகொடுத்துவிடுவேனோ என்றுகூட எனக்குப் பயம் வந்துவிட்டது, இப்போது எழுதுவதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில், கேரளா ரோட்டில் புளியறை செக்போஸ்ட் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற முகம்மது சலீம் இருக்கிறான் அல்லவா, நம்மிடம் ரொட்டி வாங்குகிறவன், அவன் எனக்கு போன் அடித்தான். போரினால் மாநில எல்லை தாண்டுகிற லாரிகளை எல்லாம் ஒன்று விடாமல் இறக்கிச் சோதனை போட உத்தரவாம், வண்டிகள் நகரவே இல்லை, புளியறையிலிருந்து செங்கோட்டைப் பக்கம் வரைக்கும் லாரியாக நிற்கிறது, நடுவில் சாமிமார் வேன்களும் மாட்டிக்கொண்டன, அவன் கடையில் அரிசியும் தீர்ந்துவிட்டது. 'மைனி, பன்னு, ரொட்டி என்ன இருக்கோ அனுப்புங்க, சின்னப் பிள்ளையளும் வேனுக்குள்ள கெடக்கு' என்றான். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பா பக்கத்தில் வைத்தேன். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், 'கட மூடிக் கெடக்குலே சலீமு' என்றார். அதற்கு அவன், 'தெரியும் அண்ணாச்சி, பாப்பா போயிருக்கதும் தெரியும். ஆனா இங்கன நிக்கதுல பாதிப் பேரு அந்தச் சண்ட நடக்குற எல்லைப் பக்கத்து ஆளுவதான். வீட்டுல யாரு இருக்கா, என்ன ஆச்சுன்னு தெரியாம ஸ்டியரிங்குல தலைய வச்சிக்கிட்டுக் கெடக்காவ' என்றான். அப்பா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றதும் வீடு எப்படி இருந்தது தெரியுமா, காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது. 'உமாராணியக் கூப்புடு. மைதா எவ்வளவு கெடக்குன்னு பாக்கச் சொல்லு' என்று சொல்லிக்கொண்டே கைலியை மடித்துக் கட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கேரல் நின்றுபோய்ச் சும்மா திரிந்த பிள்ளைகள் எல்லாம் விஷயம் கேள்விப்பட்டுக் கடைக்குள் வந்துவிட்டார்கள். ஒருத்தி மாவு உருட்ட, ஒருத்தன் டிரேயில் எண்ணெய் தடவ, எல்லார் தலையிலும் மாவு. சாமிமார் விரதக்காரர்கள், அவர்களுக்கு முட்டை சேர்க்காத பன் தனி டிரேயில் போக வேண்டும் என்று அப்பா எல்லாரையும் அதட்டிக்கொண்டே இருந்தார். அவர் அதட்டுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். கேக்குக்கு மாவு கலக்கும்போது உனக்கென்று வைத்த பாத்திரத்தை அவரே கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். 'அவ இருந்தா என்ன சொல்லுவா? போடுட்டி எல்லாத்தையும்' என்று அவர் கையாலேயே கவிழ்த்துவிட்டார். கோபித்துக்கொள்ளாதே, நீ வரும்போது புதிதாக ஊறப்போடலாம்.

மத்தியானத்துக்குமேல் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புளியறைக்குப் போனோம். தூறல், மலைமேல் மஞ்சு மூடுபனியாக இறங்கி நின்றது. லாரி லாரியாக ஏறிக் கொடுத்தோம். நம் பிள்ளைகள் மேளம் இல்லாமல் கையை மட்டும் தட்டிக் கிறிஸ்து பிறப்புப் பாட்டுப் பாடினார்கள், வேனிலிருந்து இறங்கிய சாமிமாரும் தாளம் போட்டார்கள். அவர்களில் வயதான ஒரு குருசாமி தன் ஆட்களைக் கூப்பிட்டு, 'டிரேயைத் தூக்குங்கப்பா, அம்மா எவ்வளவு தூரம் நடப்பாங்க' என்று என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டார். கொல்லத்துக்குக் கோதுமை ஏற்றி வந்த ஜஸ்பீர் என்று ஒரு டிரைவர், தலைப்பாகைக்காரர், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். பன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். சலீம் முன்னால் மும்பையில் வேலை பார்த்தவன், இந்தி தெரியும், விசாரித்துச் சொன்னான். எல்லையோரக் கிராமமாம், ஊரையே காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம், மனைவியும் கைக்குழந்தையும் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, போனும் கிடைக்கவில்லை. அப்பா அவர் பக்கத்தில் போய் லாரிப் படியில் உட்கார்ந்தார். 'என் மவளும் அங்கனதான் நர்ஸா இருக்கா, அவளுக்கும் போன் கெடைக்கலன்னு சொல்லுலே' என்றார். சலீம் சொன்னதும் அந்தப் பிள்ளை சட்டென்று நிமிர்ந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ வேகமாகச் சொன்னார். சலீம் அதைத் தமிழில் சொன்னான். 'அவங்க ஊர்ல சண்டைன்னா பொம்பளைங்க முதல்ல அடுப்பத்தான் மூட்டுவாங்களாம், ராணுவத்துக்கு ரொட்டி சுட்டுக் கொண்டு போய்க் குடுக்கது அவங்க வழக்கமாம். உங்க மக பசியோட இருக்க மாட்டா, எங்க அம்மாமாரு விடமாட்டாங்கன்னு சொல்லுதாரு அண்ணாச்சி.' அப்பா அந்த லாரிப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதுவிட்டார், ஜெனோ. உன்னை டிரெயினிங்குக்கு ஏற்றிவிட்டபோதுகூட அவர் அப்படி அழவில்லை. அழுது முடித்து, ஜஸ்பீர் மடியில் இருந்த பன்னைப் பிட்டு அவர் வாயில் ஊட்டிவிட்டு மீதியை அப்பாவும் தின்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் உருப்படியாகத் தின்றது அந்தப் பாதி பன்தான்.

மறுநாள் விடியற்காலை ஆராதனைக்கு அப்பாவும் வந்தார், பழைய வேட்டி சட்டைதான், ஆனால் இஸ்திரி போட்டிருந்தார். ஆராதனையில் உன் பேரைச் சொல்லி ஜெபித்தார்கள், அதோடு அப்பா கேட்டுக்கொண்டபடி ஜஸ்பீர் வீட்டாருக்காகவும் ஜெபித்தார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்து பிரியாணிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது வாசலில் பைக் சத்தம். சலீம், பின்னால் ஜஸ்பீர். வரிசை இன்னும் நகரவில்லையாம், கிளீனரை வண்டியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஜஸ்பீர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் வீடியோவில் ஒரு பெண், பின்னால் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை, தோளில் குழந்தை தூங்குகிறது. ஹர்ஜீத், அவர் மனைவி. முகாமில் கரண்ட் வந்து போனுக்குச் சார்ஜ் ஏறினதும் முதல் வேலையாகப் புருஷனைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு குறையும் இல்லை, குழந்தைக்குச் சளி மட்டும்தானாம். அவள் பேசினது எனக்கு விளங்கவில்லை, நான் பேசினது அவளுக்கு விளங்கவில்லை, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தோம். உன் போட்டோவைக் காட்டினேன். உன் பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து மனசில் போட்டுக்கொண்டாள். ஜஸ்பீர் நம் வீட்டில்தான் பிரியாணி சாப்பிட்டார், மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார், அப்பா விடாமல் வைத்துக்கொண்டே இருந்தார். அலமாரி மேலே இருந்த பயற்றை இறக்கிச் சாயங்காலம் முந்திரிக்கொத்தும் போட்டேன். இன்று காலையில் அவர் வண்டி ஆரியங்காவு தாண்டிவிட்டது என்று சலீம் சொன்னான். போரை நிறுத்தப் பேச்சுவார்த்தைக்கு ஆள் போகிறது என்று பேப்பரிலும் போட்டிருக்கிறார்கள். நடக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ராத்திரி டூட்டி என்றால் பகலில் கட்டாயம் தூங்கு. காலுறையை ஈரத்தோடு போடாதே. அடிபட்டு வருகிறவன் எந்தப் பக்கத்தான் என்றாலும் அவனையும் ஒருத்தி பெற்றுப் போட்டிருக்கிறாள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயம் வந்தால் வரட்டும், அதை மறைத்து வைக்காமல் கூட இருக்கிற பிள்ளைகளிடம் சொல்லிவிடு. கர்த்தர் உன்னைக் கண்ணின் மணியைப் போலக் காத்து, கை கால் சுகத்தோடு எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். அப்பா முத்தம் சொல்லச் சொன்னார், உமாராணியும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சலீம் இந்தியில் பேசிக் கேட்டுச் சொன்னான், ஹர்ஜீத் முகாமிலிருந்து மற்றப் பெண்களோடு ரொட்டி சுட்டு அந்தப் பக்கத்து ராணுவ ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோகிறாளாம். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனாலும் போகிற இடத்தில் எல்லாம் கேட்டில் நின்று, தமிழ்நாட்டு ஜெனோ இருக்கிறாளா என்று கேட்பேன் என்று சொல்லியிருக்கிறாள், என் போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறாள். தோளில் குழந்தையோடு ஒருத்தி வந்து உன் பேரைச் சொன்னால், வேலை இருக்கிறது என்று ஆள் அனுப்பாதே, நீயே எழுந்து போ. ரொட்டியைச் சூடாக அவள் முன்னால் உட்கார்ந்து தின்னு. நீ தின்றதை அவள் எனக்குப் போனில் சொல்லுவாள்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
ரூபி ஏசுவடியான்