சித்தப்பாவின் நாக்கு

மார்ச் 3

இன்று மலையடிவாரத்து நிலவறை ஒன்றில் ஏழு வகை சீஸ். கடைக்காரர் நீட்டும் துண்டைச் சித்தப்பா வாயில் போட்டு, கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டுகிறார். பார்க்கிறவர்களுக்கு மெய்சிலிர்க்கும். போன வருடக் காய்ச்சலோடு அவருக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே வந்ததும், "சொல்லு பாப்பா, எப்படி இருந்துச்சு?"

நான் சொல்வேன். அவர் எழுதுவார். நாடு நாடாகச் சுற்றி அவர் எழுதும் சீஸ் பத்திக்குப் பத்திரிகை செலவு செய்கிறது. நான் 'உதவியாளர்'. இத்தனை புத்தகம் படித்து, கடைசியில் அப்பாவின் தம்பிக்கு நாக்காக வேலை.

மார்ச் 6

பயணம் பிடித்திருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 9

செம்மறியாட்டுப் பால் சீஸ். பண்ணைக்காரம்மா குழாய் போன்ற ஒரு கத்தியைச் செருகி, உள்ளிருந்து ஒரு தண்டை உருவினார். நுனியைக் கிள்ளி எனக்குக் கொடுத்துவிட்டு, மீதியை அதே துளையில் சொருகி விரலால் பூசி அடைத்தார்.

முகர்ந்தேன். அம்மாவின் அலமாரி. கம்பளிச் சால்வை, பழைய மரம், மூலையில் மறந்துபோன சோப்பு. அம்மா போய் நான்கு வருடம்.

"என்ன பாப்பா, எப்படி?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

மார்ச் 16

பத்திரிகை வந்துவிட்டது. 'முகர்ந்த கணத்தில் என் தாயின் அலமாரி திறந்துகொண்டது.'

என் தாயாம்! உப்பு, புளிப்பு, கசப்பு எல்லாம் போகட்டும் என்று விட்டேனே— அம்மாவையுமா? நேரே கேட்டேன்.

"எழுத்துல இதெல்லாம் சகஜம் பாப்பா. நீ சொன்னது காத்தோட போயிருக்கும். நான்தானே நிக்க வச்சேன்."

எப்படி வாய் வருகிறது இவருக்கு? நான் நன்றி வேறு சொல்லணுமா?

அப்பா ஃபோனில், "உன் சித்தப்பா அசத்திட்டான்மா. படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன்" என்றார். அவசரமாக ஃபோனை வைத்தேன். பக்கத்தில் சித்தப்பா. அழுதிருந்தால் அதையும் எழுதியிருப்பார்.

மார்ச் 17

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நல்லான்னா?"

"நல்லான்னா நல்லாதான் சித்தப்பா."

மார்ச் 21

"கால்ல விழணுமா? என் பொழப்பு இது." சித்தப்பாவின் குரல் உடைந்திருந்தது. பாவமாக இருந்தது. நியாயம் என் பக்கம் இருக்கும்போது எனக்கு ஏன் பாவமாக இருக்கணும்?

"மூக்கு போச்சுன்னு எழுதுங்க. அது உங்களோடது."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 30

இந்த வாரம் பத்தி வரவில்லை. 'எழுத்தாளர் ஓய்வில்.' நான் தனியே பஸ் பிடித்து அந்தப் பண்ணைக்குப் போனேன். ஒரு பெரிய துண்டு வாங்கி அப்பாவுக்கு அனுப்பினேன். சீட்டு எதுவும் வைக்கவில்லை.

ஏப்ரல் 8

அப்பா ஃபோன்.

"பார்சலைப் பிரிச்சேன்மா." பிறகு, "எங்கம்மாகிட்ட ஏது அலமாரி? எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியிலதான் கெடக்கும். படிக்கும்போது எனக்குத் தோணவே இல்ல பாரு."

"ம்."

"நம்ம அலமாரியத் திறந்து, பக்கத்துல வச்சு மோந்து பாத்தேன்."

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னும் கொஞ்சம் அனுப்புறியா? இதைத் தின்ன மனசு வரல."