இரண்டாவது பொசிஷனில் ஒரு கதவுச் சத்தம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சமையலறைக்குப் புதுக் கதவு போட்டாயிற்று. போனில் எதைக் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய கிட்டார் பதிவைக் கேட்டோம். வழக்கம்போல பென்டடானிக் ஸ்கேல் என்கிற அந்த ஐந்து சுரப் பயிற்சி, கிட்டார் கழுத்தில் கை நகர்ந்து நிற்கும் ஐந்து பொசிஷனும் வரிசையாக. அம்மா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "மெஷினோட மல்லுக்கட்டிட்டு வந்தும் எம்புள்ள வாசிக்கிறதை விடல பாரு" என்று பீற்றிக்கொண்டார். அக்காவோ, "ஏணில ஏறி ஏறி இறங்குறான், பாட்டு எப்பம்மா வரும்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது பொசிஷனில், மேலிருந்து ஐந்தாவது கம்பிக்கு வரும்போது இடது ஆள்காட்டி விரலை ஏழாம் கட்டத்திலிருந்து எட்டுக்குத் தள்ள வேண்டும். ஆரம்பத்தில் நீ ஏழிலேயே நிற்பாய், நான் காதைப் பொத்திக்கொள்வேன். ஊரை விட்டுப் போவதற்கு முன்பே அதைத் திருத்திவிட்டாய். இந்தப் பதிவில் மறுபடியும் ஏழு.

கை மறந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது பின்னால் ஒரு கிரீச். நம் பழைய சமையலறைக் கதவு. அந்தக் கதவு இப்போது விறகாகிவிட்டது. நீ எப்போதோ நம் வீட்டில் வாசித்துப் பதிந்ததை எடுத்து, இப்போது வாசித்ததாக அனுப்பியிருக்கிறாய். ஏன்?

வீடியோவில் வா என்றால் கேமரா உடைந்துவிட்டது என்கிறாய். உன் அறைத் தோழரிடம் பேசினேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "நல்லா இருக்கான்மா, வலது கையால தானே சாப்பிட்டுக்கிறான்" என்றார். வலது கையைப் பற்றி யார் கேட்டது? அப்படியென்றால் இடது கை?

போன வாரம் உன் கம்பெனி மேனேஜர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். "உங்க பையன் எங்க குடும்பத்துல ஒருத்தன்" என்றார். அம்மா பூரித்துப்போனார். நான் அந்த ஆப்பிளைத் தொடவில்லை. கை உள்ளே போனால் தானாக நிற்கும் கருவியை, வேலை வேகம் குறைகிறது என்று தகடு அழுத்தும் பிரெஸ் மெஷினிலிருந்து கழற்றிவிட்டதாக நீதானே சொன்னாய்? அவர் சொந்தப் பிள்ளையை அதன் முன்னால் நிறுத்துவாரா? இத்தனை நாள் எட்டிப் பார்க்காத மனிதருக்கு இப்போது என்ன திடீர்ப் பாசம்?

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன் பதிவைத் தினமும் போட்டுக் கேட்கிறார். கதவுச் சத்தம் இன்னும் அவர் காதில் விழவில்லை. விழுந்தால் என்ன சொல்வேன்?

அண்ணா, ஐந்து பொசிஷனும் வேண்டாம். இடது கையில் எந்த விரல் மிச்சமிருக்கிறதோ அதை வைத்து, இன்றைக்கு வாசித்த ஒரே ஒரு சுரத்தை அனுப்பு. எந்த விரலும் இல்லையென்றால் வலது கையால் வெறும் கம்பியைத் தட்டு. போதும். அந்த மேனேஜரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நல்லா இருக்கணும்.

உன் தங்கை